ஊசித் துளை வெளிச்சம்: ஹாலோவீன் காகிதப் பை விளக்கின் வரலாறு

கடந்த ஐப்பசியில், அமெரிக்காவில் வசிக்கும் என் அக்காள் மகளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வாசற்படிகளில் வரிசையாக ஆறு பழுப்புநிறக் காகிதப் பைகள். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு சிறு விளக்கு. பைகளின் முகப்பில் கறுப்பும் செம்மஞ்சளுமான நூல்களால் வௌவால், சிலந்திவலை, பூசணிக்காய் ஆகிய உருவங்கள் தைக்கப்பட்டிருந்தன. ஹாலோவீன் இரவுக்காக அவளும் அவளுடைய பிள்ளைகளும் செய்தவை. மளிகைக் கடையில் சாமான் போட்டுத் தரும் அதே பைதான். துணியில் செய்ய வேண்டிய பூத்தையலைக் காகிதத்தில் செய்திருந்தார்கள்.

படம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவள் தொலைபேசியில் அழைத்திருந்தாள். “சித்தி, ஊசி குத்தி இழுத்தாலே பேப்பர் கிழிஞ்சுடுது. என்ன பண்றது?” என்று கேட்டாள். பள்ளிநாளில் கற்றதை நினைவுபடுத்திச் சொன்னேன்: காகிதத்தில் குத்துவதும் தைப்பதும் தனித்தனி வேலைகள். பைக்குள் ஒரு கெட்டி அட்டையை வைத்து, முதலில் துளைகளை மட்டும் இட்டு முடித்துவிட வேண்டும். துளைக்கும் துளைக்கும் ஓர் அரிசி நீளம் இடம் விட வேண்டும். நெருங்கிப் போனால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்துவிடும். பிறகு, இருக்கும் துளைகளின் வழியே நூலைக் கோத்தால் போதும், இழுக்கக் கூடாது.

அது சரியாக வந்தது. ஆனால் விளக்கேற்றிப் பார்த்துவிட்டு மறுபடி அழைத்தாள். “சித்தி, பின்னாடி நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடுறதெல்லாம் முன்னாடி நிழலாத் தெரியுது. அசிங்கமா இருக்கு.” அதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. நான் படித்த கன்னியர் பள்ளியில் தையல் ஆசிரியை துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் மதிப்பெண் இடுவார். முன்புறத்தை ஊர் பார்க்கும், பின்புறத்தை நான் பார்ப்பேன் என்பார். ஆனால் அங்கே பின்புறத்தை ஒளி பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்தக் காகிதப் பை விளக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இப்படியொரு விளக்கை இன்னார் முதலில் செய்தார் என்று ஒருவரைச் சுட்டுவதற்கில்லை. ஆனால் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும், அதாவது திருநாள், பை, சுடர், ஊசித் துளை ஆகிய நான்குக்கும், தனித்தனி வரலாறு உண்டு. அவை ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடங்கள் எனக்கு வியப்பளித்தன.

திருநாளும் கிழங்கும்

ஹாலோவீன் என்ற பெயர் ‘அனைத்துப் புனிதர் திருநாளின் முந்தைய மாலை’ என்ற தொடரின் சுருக்கம். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாள். தமிழ்க் கத்தோலிக்கர் ‘கல்லறைத் திருநாள்’ என்று அழைத்து, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவது இந்த இரண்டாம் நாளில்தான். ஆக அக்டோபர் 31 இரவில் அமெரிக்கக் குழந்தைகள் பேய் வேடமிட்டு அலைவதும், இரண்டு நாள் கழித்து நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்திகள் எரிவதும் ஒரே முந்நாள் விழாவின் இரு முனைகள். நவம்பர் 1 என்னும் தேதி 8, 9ஆம் நூற்றாண்டுகளில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபையில் நிலைபெற்றது. அதற்கு அடுத்த நாளை இறந்தோருக்கென்று ஒதுக்கும் வழக்கம், 11ஆம் நூற்றாண்டை ஒட்டி, பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோவின் முயற்சியால் பரவியது.

அதற்கும் முன்னால் அயர்லாந்தில் கோடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதைக் குறிக்கும் ‘சவின்’ என்ற விழா அதே நாளில் இருந்தது. ஹாலோவீன் அதன் நேரடி வாரிசு என்று பலரும் எழுதுகிறார்கள். ஆங்கில வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன், பிரித்தானியச் சடங்கு ஆண்டைப் பற்றி 1996-ல் வெளியிட்ட நூலில், பழைய சவின் விழா இறந்தோருக்கான விழாவாக இருந்தது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று எச்சரித்திருக்கிறார். தொன்மை என்று சொல்லிவிட்டால் எதையும் நம்பிவிடும் பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

விளக்கைப் பொறுத்தவரை சான்று தெளிவாக இருப்பது பிற்காலத்துக்குத்தான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே கொள்ளியோ மெழுகுவத்தித் துண்டோ வைத்துத் தூக்கிச் சென்றார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் டர்லோ பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்வுப் பிரிவில், டொனகால் பகுதியைச் சேர்ந்த அத்தகைய கிழங்கு விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய தோல், குழிந்த கண்கள், குச்சிப் பற்கள் ஆகியவற்றைப் படத்தில் பார்த்தாலே ஒரு கணம் நெஞ்சு திடுக்கிடும். சிரிக்கும் அமெரிக்கப் பூசணிக்கு அந்தக் கடுமை கிடையாது.

இவ்விளக்குக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஜாக்-ஓ-லாந்தர்ன்’ என்ற பெயர், முதலில் விளக்கு ஏந்திய இரவுக் காவலனையும், சதுப்பு நிலங்களில் அலையும் மாய ஒளியையும் குறித்தது. நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பேய் என்று பெயர் பெற்றதும் அந்த ஒளியே. சொர்க்கமும் நரகமும் ஏற்காத ஜாக் என்ற கஞ்சன், சாத்தான் எறிந்த தணலைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு இன்றும் அலைகிறான் என்பது அயர்லாந்துக் கதை.

1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்களில் பெரும்பாலோர் சேர்ந்த அமெரிக்காவில் பூசணி பெரியது, மென்மையானது, குடைவதற்கு எளியது. அறுவடைக் காலத்தில் பூசணியைக் குடைந்து விளக்கு வைக்கும் விளையாட்டு அங்கே ஏற்கெனவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவர்களின் திருநாளும் இருந்தவர்களின் காயும் ஒன்றாயின. ஊர் மாறியவர்கள் கையில் அகப்பட்டதைக் கொண்டு விழாவைத் தொடர்ந்தார்கள் என்பதே இங்கு முக்கியம். கிழங்கு இல்லாவிட்டால் பூசணி. பூசணியும் இல்லாவிட்டால் காகிதம்.

பெத்லகேம் என்னும் ஊர்

இனிப் பையின் வரலாறு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லகேம் என்றோர் ஊர் இருக்கிறது. 1741-ல் மொராவியச் சபையார் என்னும் ஜெர்மானியப் பின்னணி கொண்ட கிறித்தவப் பிரிவினர் உருவாக்கியது. தமிழ்நாட்டுக்கும் இவர்களுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. இதே சபையைச் சேர்ந்த சகோதரர்கள் 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, அருகே ‘சகோதரர் தோட்டம்’ என்ற குடியிருப்பை அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, 1803-ல் அதைக் கைவிட்டுச் சென்றார்கள்.

மொராவியர் கைத்தொழிலையும் கல்வியையும் பெரிதாக மதித்தவர்கள். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரிலிருந்த அவர்களுடைய பள்ளியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவக் கணிதப் பயிற்சியாக மாணவர்கள் காகிதத்தில் பல முனைகள் கொண்ட விண்மீன் விளக்குகளைச் செய்தார்கள். பிற்காலத்தில் உலகமெங்கும் கிறிஸ்துமஸ் காலத்தில் தொங்கிய மொராவிய விண்மீன் அதுதான். மார்கழியில் நம் கிறித்தவர் வீட்டு வாசல்களில் காகித விண்மீனைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் புதிதாக இராது.

பெத்லகேம் ஊருக்கு வேறொரு புகழும் இருந்தது, அது பூத்தையல். 1742-ல் தொடங்கப்பட்ட அவர்களுடைய பெண்கள் பள்ளியில் பட்டு நூல் வேலை முக்கியப் பாடம். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1778-ல், போலந்து நாட்டுத் தளபதி புலாஸ்கியின் படைக்காக ஒரு பட்டுக் கொடியை இவ்வூர்ப் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். இக்கொடி இன்றும் மேரிலாந்தில் பாதுகாக்கப்படுகிறது. 1825-ல் லாங்ஃபெலோ இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதன் தலைப்பில் அப்பெண்களைக் கன்னியாஸ்திரீகள் ஆக்கிவிட்டார். மொராவியச் சபையில் கன்னியாஸ்திரீகளே கிடையாது. அவர்கள் ‘தனிச் சகோதரிகள்’ என்று ஒரே இல்லத்தில் வாழ்ந்து, தங்கள் கைவேலையால் பிழைத்த மணமாகாத பெண்கள். கொடியின் பெயரில் தளபதி இருக்கிறார், கவிதையின் மேல் கவிஞர் இருக்கிறார். தைத்தவர்கள் மட்டும் வேறு யாரோவாக நிற்கிறார்கள்.

இந்த ஊரில்தான், 1852-ல், காகிதப் பை செய்யும் இயந்திரத்துக்கு பிரான்சிஸ் வோலி காப்புரிமை பெற்றார். மொராவியச் சபையின் ஆசிரியர். மேற்சொன்ன பெண்கள் பள்ளிக்கு 1861 முதல் 1881 வரை தலைவராக இருந்தவர். நன்னீர்ப் பாசிகளைப் பற்றி விரிவான நூல்கள் எழுதிய தாவரவியலாளர். காகித விளக்கு, பூத்தையல், காகிதப் பை மூன்றும் ஒரே சமூகத்தின் கைகளில் புழங்கியிருக்கின்றன. ஆனால் அம்மூன்றையும் அங்கே யாரும் ஒன்றாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. சேர்க்க முயன்றிருந்தாலும் முடிந்திராது. காரணம், வோலியின் இயந்திரம் செய்த பை கடித உறை போன்றது. அடிப்பாகம் தட்டையாக இல்லாததால் அதனால் நிற்க முடியாது. நிற்காத பைக்குள் விளக்கு வைக்க முடியாது.

பையை நிற்க வைத்தவர்

பை நிமிர்ந்து நின்றதற்குக் காரணம் ஒரு பெண். மார்கரெட் நைட், 1838-ல் மெய்ன் மாநிலத்தின் யார்க் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதில் தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பை விட்டு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டரில் பஞ்சாலை வேலைக்குப் போனார். பன்னிரண்டு வயதில், தறியிலிருந்து தெறித்த நாடா ஒருவரைக் காயப்படுத்துவதைக் கண்டு, அப்படித் தெறிக்காமல் தடுக்கும் அமைப்பு ஒன்றை யோசித்துச் சொன்னார். ஆலைகள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. அவருக்குக் காசு எதுவும் கிடைக்கவில்லை. பொம்மைகளைவிடக் கத்தியும் துளையிடும் திருகும் மரத்துண்டுகளுமே தமக்குப் பிடித்திருந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1860களின் பிற்பகுதியில் அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு காகிதப் பைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அடி தட்டையான பையைக் கையால்தான் மடித்து ஒட்ட வேண்டியிருந்தது. ஆகவே அது விலை கூடியது. இரவு நேரங்களில் படம் வரைந்து, மரத்தால் மாதிரி செய்து, வெட்டுதல், மடித்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றையும் தானே செய்யும் இயந்திரத்தை நைட் உருவாக்கினார். காப்புரிமைக்கு இரும்பில் மாதிரி செய்வதற்காக பாஸ்டன் நகரப் பட்டறைக்குக் கொடுத்தபோது, அங்கு வந்துபோன சார்லஸ் அனன் என்பவர் அதைக் கவனித்து, தம் பெயரில் காப்புரிமை பெற்றுவிட்டார்.

நைட் வழக்கிட்டார். எதிர்த்தரப்பு, ஒரு பெண்ணுக்கு இவ்வளவு சிக்கலான இயந்திரம் புரிந்திருக்க முடியாது என்று வாதிட்டதாகக் கூறப்படுகிறது. நைட் தம் வரைபடங்களையும் நாட்குறிப்பையும் காட்டினார். அவர் வேலை செய்ததை நேரில் கண்டவர்களைச் சாட்சிகளாக நிறுத்தினார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1871 ஜூலை 11 அன்று 116842 என்ற எண்ணில் காப்புரிமை அவருக்கு வழங்கப்பட்டது. பிறகு வாழ்நாளில் இருபதுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்றார். ஆயினும் 1914-ல் இறந்தபோது பெரிய சொத்து எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவருடைய பை இயந்திரத்தின் பிந்தைய மாதிரி ஒன்று வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது.

இந்த வழக்கில் நான் மிகவும் யோசித்தது அந்த நாட்குறிப்பைப் பற்றித்தான். வேலையின் வெளிப்பக்கமாகிய இயந்திரத்தை இருவருமே தமது என்று சொல்ல முடியும். அதன் உட்பக்கத்தை, அதாவது தவறிய முயற்சிகள், அடித்துத் திருத்திய கோடுகள், மரச் சிராய்கள் எல்லாவற்றையும், செய்தவரால் மட்டுமே காட்ட முடியும். நைட் வென்றது பின்புறத்தைக் காட்டித்தான்.

பிறகு 1883-ல் சார்லஸ் ஸ்டில்வெல் என்பவர் பக்கவாட்டு மடிப்புகள் கொண்ட பையைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். தட்டையாக மடித்து அடுக்கலாம். ஒரு உதறு உதறினால் தானே திறந்து நேராக நிற்கும். அதே காலத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் டால் கண்டறிந்த ‘கிராஃப்ட்’ முறையால் வலுவான பழுப்புக் காகிதம் கிடைக்கலாயிற்று. ஜெர்மானிய மொழியில் அச்சொல்லுக்கு வலிமை என்று பொருள். என் அக்காள் மகள் வாசற்படியில் வைத்த பையின் உடல் இவ்வாறு உருவானது.

மணலில் ஊன்றிய சுடர்

நிற்கும் பைக்குள் விளக்கு வைப்பதை ஊர்வழக்கமாக்கியவர்கள் அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஸ்பானிய மொழி மக்கள். அது ஹாலோவீனுக்காக அன்று, கிறிஸ்துமஸ் முந்தைய இரவுக்காக. மரியாளும் சூசையும் தங்க இடம் தேடி அலைந்ததை நடித்துக் காட்டும் ஊர்வலத்துக்கு வழிகாட்ட, தொடக்கத்தில் தெருவோரம் சிறு சிறு விறகுத் தீக்களை மூட்டினார்கள். அவற்றின் இடத்துக்குப் பின்னர் காகித விளக்கு வந்தது.

வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இது: 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் பட்டும் பீங்கானும் வந்ததுபோலச் சீனக் காகித விளக்கும் வந்தது; அதைத் தொங்கவிடப் பழகியவர்கள், 1821-ல் சாண்டா ஃபே வணிகப் பாதை திறந்து பொட்டலம் கட்டும் பழுப்புக் காகிதம் வரத் தொடங்கியதும், அக்காகிதத்தில் செய்து தரையில் வைத்தார்கள். 1880-ல் சாண்டா ஃபேவுக்கு ரயில் வந்தது. தட்டையான அடி கொண்ட மலிவான பைகள் கிடைத்த பின்னர் செய்முறை மிக எளிதாயிற்று. பையின் வாயை இரண்டு விரல் அகலம் வெளிப்புறமாக மடித்துவிட்டால் விறைப்பாக நிற்கும். அடியில் மணல் கொட்டி, அதில் குட்டை மெழுகுவத்தியை ஊன்ற வேண்டும். மணல் பையைக் காற்றில் சாயாமல் காக்கும். மெழுகுவத்தியை நேராக நிறுத்தும். சாய்ந்தால் தீயை அவிக்கும்.

இவ்விளக்கின் பெயர் பற்றி இன்றுவரை அங்கே ஒரு சச்சரவு உண்டு. மாநிலத்தின் வடக்கே இருப்பவர்கள் விறகுத் தீக்கு ‘லூமினாரியா’ என்றும், பை விளக்குக்கு ‘சிறு லாந்தர்’ என்று பொருள்படும் ‘ஃபரோலிடோ’ என்றும் பெயர் சொல்கிறார்கள். ஆல்புகர்க்கியிலும் அதற்குத் தெற்கேயும் பை விளக்கே லூமினாரியா. சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ள நம்மவர்களுக்கு இதைக் கேட்டால் அந்நியமாக இராது.

காகிதத்தில் ஊசி

காகிதத்தில் பூத்தையல் செய்வதைப் புது மோகம் என்று நினைத்திருந்தேன். அது தவறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இங்கிலாந்தில் வரிசையாகத் துளையிட்ட கெட்டித் தாள்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பெண்கள் அவற்றில் கம்பளி நூலாலும் பட்டு நூலாலும் தைத்துப் புத்தக அடையாள அட்டைகள் செய்தார்கள். அமெரிக்காவில் 1870களில் இல்லத்தை வாழ்த்தும் தொடர்களையும் வேத வாக்கியங்களையும் அத்தாள்களில் தைத்துச் சட்டமிட்டு மாட்டாத வீடுகள் குறைவு. அதற்கும் முன்னால், தாளில் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி உருவங்களை வரையும் கலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீட்டுப் பெண்களிடையே பரவியிருந்தது.

இதைக் குழந்தைகளிடம் கொண்டுபோனவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல். தாம் தொடங்கிய பள்ளிக்கு 1840-ல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் சூட்டியவர். அவர் முறையில் குழந்தைகளுக்குத் தரப்படும் பொருள்களும் கைவேலைகளும் வரிசையாக அமைந்தவை. தாளில் ஊசியால் துளையிடுதல், அத்துளைகளில் வண்ண நூல் கோத்தல் என்பவை அவ்வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. முதலில் குத்து, பிறகு கோர் என்று நான் தொலைபேசியில் சொன்னது, என் அறிவு அன்று. யாரோ ஒரு கன்னியர் வழியாக என் தையல் ஆசிரியைக்கும் அவர் வழியாக எனக்கும் வந்த பழைய பாடம் போலும்.

இம்முறையை விளக்கும் நூலை அமெரிக்காவில் 1869-ல் வெளியிட்டு, துளையிடும் ஊசி, தையல் அட்டை முதலியவற்றைத் தயாரித்து விற்றவர் மில்டன் பிராட்லி, பலகை விளையாட்டுகளால் அறியப்பட்டவர். அவருடைய நிறுவனம் இருந்த ஊர் ஸ்பிரிங்ஃபீல்ட். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் மார்கரெட் நைட் பை இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்த அதே ஊர். ஒரு தெருவில் நிற்கும் பை. இன்னொரு தெருவில் காகிதத்துக்கான ஊசி. இவை சந்திக்க இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

தமிழில் ‘தையல்’ என்றால் தைக்கும் தொழில்; இலக்கியத்தில் பெண் என்றும் பொருள். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகள் புன்னகைப்பார்கள். தொழிலின் பெயரும் ஆளின் பெயரும் ஒன்றாகவே இருக்கும்போது, ஆளுக்கென்று தனிப்பெயர் வேண்டியிருக்கவில்லை போலும் என்று ஒரு மாணவி ஒருமுறை சொன்னாள். அதற்கும் என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை.

காகிதத் திருநாள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலோவீன் அமெரிக்காவில் காகிதத் திருநாள் ஆயிற்று. மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம் சுருக்கத்தாள் எனப்படும் கிரேப் காகிதத்தை விற்பதற்காக 1909-ல் ‘போகி புக்’ என்ற சிறு நூலை வெளியிட்டது. காகித உடை, காகிதத் தோரணம், காகித விளக்கு ஆகியவற்றை வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லும் நூல். 1912 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து புதுப் பதிப்புகள் வந்தன. வீடு வீடாகச் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கம் 1930களில் பரவி, போர்க்காலச் சர்க்கரைக் கட்டுப்பாடு 1947-ல் நீங்கிய பின்னர் நாடெங்கும் நிலைபெற்றது. அந்தக் குழந்தைகள் கையில் இருந்தது பெரும்பாலும் மளிகைக் கடைப் பைதான். கண்ணுக்கு இரண்டு துளை வெட்டித் தலையில் கவிழ்த்தால் அதுவே முகமூடியும் ஆகும். பையை நிறுத்தி மணல் போட்டு விளக்கு வைக்கும் நியூ மெக்சிகோ வழக்கம் வேறு மாநிலங்களுக்குப் பரவியபோது, ஹாலோவீனும் அதை எடுத்துக்கொண்டது இயல்பே. தைக்கத் தெரிந்த ஒருவர் கையில் அந்தப் பை அகப்பட்டபோது நூலும் வந்து சேர்ந்திருக்கும்.

இப்போது மெழுகுவத்திக்குப் பதிலாக மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகளை வைக்கிறார்கள். நூல் கோத்த காகிதத்துக்கும் நீண்ட வேட உடை அணிந்த குழந்தைகளுக்கும் நடுவே உயிருள்ள சுடரை வைப்பது ஆபத்து; ஆகவே இது நல்ல மாற்றமே. ஆயினும் மின்விளக்கு அசைவதில்லை. சுடர் அசைந்தால் தைத்த வௌவாலும் அசையும். அதை இழந்ததைக் குறித்துச் சிறிது வருந்துவதில் பிழை இல்லை.

பின்புறம்

அக்காள் மகளின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேடியபோது ஒரு விடை அகப்பட்டது. நூலை மேலும் கீழுமாக ஓட்டிக் கோட்டின் கடைசிவரை போய், அதே துளைகள் வழியாகத் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்பும் ஒரு தையல் உண்டு. முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். குறுக்கே ஓடும் நூல் இராது. நூலின் தொடக்கத்தையும் முடிவையும் கோட்டுக்குள்ளேயே மறைத்துவிடலாம். ஒளி வந்தாலும் கோட்டின் நிழல் கோட்டின்மேலேயே விழும். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சட்டைக் கழுத்திலும் மணிக்கட்டுப் பட்டியிலும் இத்தையல் இடப்பட்டது. இருபுறமும் தெரியும் இடங்கள் அவை. ஆகவே இருபுறமும் அழகாக இருக்க வேண்டியிருந்தது.

அதன் ஆங்கிலப் பெயர் ‘ஹோல்பைன் தையல்’. ஹான்ஸ் ஹோல்பைன் எட்டாம் ஹென்றியின் அரசவையில் இருந்த ஓவியர். அவர் வரைந்த உருவப்படங்களில் அந்த மணிக்கட்டுப் பட்டிகள் துல்லியமாகத் தெரிகின்றன. ஆகவே தையலுக்கு அவர் பெயர். தைத்தவர்களின் பெயர் அதில் இல்லை. அந்தத் தையலைப் பார்த்து வரைந்தவரின் பெயர் இருக்கிறது. ஓவியர்மேல் குற்றம் சொல்ல முடியாது, அவர் கவனித்துப் பார்த்தாரே என்று நன்றி சொல்லவே தோன்றுகிறது. ஆனாலும் அந்தப் பெயரை அக்காள் மகளிடம் சொல்லும்போது என் குரலில் சிறிது கசப்பு இருந்திருக்க வேண்டும். “என்ன சித்தி, கோபமா?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் அவள் ஐந்து பைகளை அந்த முறையில் புதிதாகத் தைத்தாள். சுத்தமாக வந்தன. ஆறாவது, அவளுடைய எட்டு வயது மகன் தைத்த சிலந்திவலை. பின்புறம் முழுவதும் முடிச்சும் குறுக்கு நூலும். அதைப் பிரிக்க அவன் சம்மதிக்கவில்லை. எனக்கு வந்த படத்தில் இடது ஓரத்தில் நிற்பது அதுதான். விளக்கெரியும்போது முன்புறத்து வலைக்குப் பின்னால் மங்கலாக இன்னொரு வலை தெரிகிறது. சின்ன விரல்கள் எங்கே தடுமாறின, எங்கே நூல் தீர்ந்து புதிது கோத்தன, எந்தத் துளையைத் தவறவிட்டுத் திரும்பி வந்தன என்பது அனைத்தும் அந்த நிழலில் இருக்கிறது.

என் தையல் ஆசிரியை அதற்கு எத்தனை மதிப்பெண் இட்டிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இட்டிருக்க மாட்டார். நான் முழு மதிப்பெண் இட்டேன்.